கூரைக்குள் வராதவர்

"கையை எடுங்க பெரியவரே! ஆம்புலன்ஸ் உங்களுக்காகத்தான் நிக்குது!"

ஷர்மிளா இரண்டு கைகளாலும் சின்னசாமியின் விரல்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் போய் ஒட்டிக்கொண்டது. சத்துவாச்சாரி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், சென்னைக்கு அம்புக்குறி போட்டிருந்த பச்சைப் பலகையின் இரும்புக் காலை அந்த மனிதர் இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தார். ஆடி மழை சடசடவென்று அடித்தது. அவருடைய வலது காலில் சுற்றியிருந்த வேட்டிக் கிழிசல் நனைந்து, அதிலிருந்து வந்த வாடை மழையையும் மீறி மூக்கைத் துளைத்தது.

"வரமாட்டேம்மா. அதுல கூரை இருக்குது."

"கூரை இல்லாம ஆம்புலன்ஸ் எங்க இருக்கு?"

"அதான் வரலன்றேன்."

ஆம்புலன்சிலிருந்து தலையை நீட்டினார் உதவியாளர். "மேடம், வர்றாரா இல்லியா? பெருமுகையில ஒரு ஆக்சிடென்ட். கூப்ட்டுக்கிட்டே இருக்காங்க."

ஷர்மிளா வாயைத் திறப்பதற்குள் சின்னசாமியே பதில் சொன்னார். "நீங்க போங்க சார். அவங்களுக்குத்தான் அவசரம்."

வண்டி போய்விட்டது.

ஷர்மிளாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீடற்றவர்களுக்கான காப்பகத்தை நடத்துவது அவள் வேலை. குடிகாரர்களை உள்ளே கொண்டுவந்திருக்கிறாள். கல்லெறிந்த பைத்தியக்காரியைக் கஞ்சி குடிக்க வைத்துத் தூங்கப் பண்ணியிருக்கிறாள். ஆனால் சின்னசாமியை மட்டும் வாசல்படி தாண்டவைக்க முடியவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் மண்டிகளில் மூட்டை தூக்கிவிட்டு, காலில் புண் வந்த பிறகு வேலூர் வந்து சேர்ந்தவர். காப்பகத்துச் சோற்றைக் காப்பகத்து வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைப்பார். ராத்திரி ஆனதும் எழுந்து போய்விடுவார். மழை பெய்தால் மேம்பாலத்துக்கு அடியில்கூட ஒதுங்கமாட்டார். அதுவும் கூரைதானாம்.

ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு குட்டி லாரி வந்து நின்றது. ரிஹான். தோல் ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்குமாக ஓடுகிறவன். காப்பகத்துக்குப் பழைய பாய், போர்வை என்று எது கிடைத்தாலும் கொண்டுவந்து போடுகிறவன்.

"இன்னாக்கா பேஜாரு?"

சொன்னாள்.

ரிஹான் பின்னால் போய்த் தார்ப்பாயை அவிழ்த்து உருவினான். லாரியின் முதுகு மழையில் திறந்து கிடந்தது.

"தாத்தா, இங்க பாரு. கூரை இல்ல, ஒண்ணுமில்ல. வானந்தான். ஏறிக்கிறியா?"

சின்னசாமி லாரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். இரும்புக் காலை விட்டார்.

பெரியாஸ்பத்திரி வரைக்கும் சரியாகத்தான் போயிற்று. போர்ட்டிகோவுக்கு முன்னால் மறுபடியும் அதே கதை. கூரை. கடைசியில் இளம் டாக்டர் ஒருவர் குடையோடு வெளியே வந்து, வளாகத்து வேப்பமரத்தடியிலேயே கட்டைப் பிரித்துப் பார்த்தார். பார்த்ததும் குடையை ஷர்மிளாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஊசி மரத்தடியில போடலாம். ஆபரேஷன் மரத்தடியில பண்ண முடியாதும்மா. விரல் அழுகிட்டுது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்தாகணும். அதுக்கு மேல போனா கால். அதுக்கும் மேல போனா…"

முடிக்காமலே உள்ளே போனார்.

மழை விட்டது. ஷர்மிளா ஈரத் தரையில் அவருக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு எனக்குச் சொல்லியே ஆகணும். கூரைக்கும் உங்களுக்கும் என்ன சண்டை?"

காய்ச்சலில் அவருக்குப் பல் அடித்துக்கொண்டது. அதுவரை சொல்லாததை அந்தக் காய்ச்சல்தான் சொல்ல வைத்தது என்று அவள் நினைத்தாள்.

"எங்க ஊரு செம்மேட்டுக்குப்பம். பாலாத்தங்கரை. திருவிழா கடைசி நாளு கூடை எறக்குவாங்க. வூட்டுக்கு வூடு தேஞ்ச தொடப்பம், பிஞ்ச மொறம், அறுந்த செருப்பு எல்லாத்தியும் ஒரு கூடையில போட்டு ஒருத்தன் தலையில வெப்பாங்க. அவன் ஆத்தத் தாண்டி ஓடணும். ஊரே பின்னால தொரத்திக்கினு வந்து அடிக்கும். தொடப்பத்தால அடிப்பாங்க, செருப்ப வீசுவாங்க. ஊருல இருக்கிற பீடை, நோவு எல்லாம் அவனோட அக்கரைக்குப் போய்டும்."

"அந்த ஒருத்தன்…"

"எங்க வூட்டு ஆளுதான். எங்க தாத்தா, எங்கப்பா, நானு. வேற யாரு தூக்குவாங்க?"

கேட்ட ரிஹான் லாரிக் கதவில் சாய்ந்தபடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"பீடையத் தூக்கினவன் கூரைக்குள்ள வரக் கூடாது. அடுத்த கூடை ஆத்தத் தாண்டுற வரைக்கும் வானத்துக் கீழதான் கெடக்கணும்."

"அடுத்த கூடை எப்போ?"

"நிறுத்திட்டாங்க. போலீசு வந்து நிறுத்திட்டுது."

அசிங்கமான ஒரு பழக்கத்தை நிறுத்திவிட்டார்கள், சரி. கடைசிக் கூடையைத் தூக்கிய மனிதரை இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லையா?

"அக்கா," என்றான் ரிஹான், போனை நோண்டிக்கொண்டே. "செம்மேட்டுக்குப்பந்தானே? நம்ம தோஸ்த் ஒருத்தன் ரீல் போட்டிருக்கான். நாளைக்கு அங்க திருவிழா. கூடை எறக்குறாங்களாம். திரும்ப ஆரம்பிக்கிறாங்களாம்."

சின்னசாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா, விழவில்லையா, தெரியவில்லை.

*

அன்று மத்தியானமே ஷர்மிளா ரிஹானோடு செம்மேட்டுக்குப்பம் போனாள். கோயில் வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். விழாக் குழுத் தலைவர் கோவிந்தசாமி, பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஷர்மிளாவை நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஆராய்ச்சி செய்ய வந்தவள் என்று நினைத்துக்கொண்டார். அவளும் திருத்தவில்லை.

"பண்பாட்டு மரபுப் பட்டியல்னு ஒண்ணு இருக்குதும்மா. கட்டடம், சிலை மாதிரி இல்ல. பாட்டு, கூத்து, சடங்கு, இப்படிக் கையில புடிக்க முடியாத சமாச்சாரம். அதுல நம்ம கூடை எறக்கத்தைச் சேக்கணும்னு எழுதிப் போட்டிருக்கோம். நாளைக்குப் படம் புடிக்க வர்றாங்க."

"இதையா சேர்ப்பாங்க? ஒரு மனுஷனைச் செருப்பால அடிச்சுத் துரத்துறதை?"

கோவிந்தசாமி சிரித்தார். எழுந்து போய் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மஞ்சள், சிவப்பு, பச்சையில் பஞ்சுபோல மெத்தென்ற செருப்புகள்.

"ஒரு ஷூ கம்பெனி அன்பளிப்பு. ஸ்பாஞ்ச். கொழந்த மேல வீசுனாக்கூட வலிக்காது. தொடப்பத்துல சாமந்தி சுத்தியிருக்கோம். தூக்குறவருக்கு மேடையில சால்வை போடுறோம். அசிங்கத்தையெல்லாம் எடுத்துட்டோம்மா. இப்போ இருக்கிறது வெறும் கலை."

படம் எடுப்பதற்காக முந்தின நாளே இடம் பார்க்க வந்திருந்த பெண் ஒருத்தி, கழுத்தில் கேமராவோடு, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் கோணியது.

"எனக்கு அந்த ஸ்பாஞ்ச் பிடிக்கலை சார். நிஜமா எப்படி நடந்ததோ அப்படியே பதிவு பண்ணணும். இல்லாட்டி நாளைக்கு இது ஏதோ பூ வீசுற திருவிழான்னு சொல்லிடுவாங்க."

"நிஜமா நடந்த மாதிரி பண்ணா உள்ள புடிச்சிப் போட்டுடுவாங்கம்மா!"

இந்தப் பெண் சொல்வதும் ஷர்மிளாவுக்குச் சரிபோல இருந்தது. அந்த மனிதர் செருப்பை மாற்றியதும் தப்பென்று சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டு பேர் சொன்னதிலும் வேப்பமரத்தடியில் கிடக்கிறவர் இல்லை.

வந்த காரியத்தைக் கேட்டாள். "கூடை தூக்கினவர் அடுத்த கூடை வரைக்கும் கூரைக்குள்ள வரக் கூடாதாமே?"

கோவிந்தசாமி நிஜமாகவே விழித்தார்.

"கூரையா? யாரு சொன்னது? அப்படி ஒரு பழக்கமே கெடையாதும்மா. அக்கரையில கூடையக் கடாசிட்டு, ஊத்துல குளிச்சிட்டு, வெளக்கு வெக்கிறதுக்குள்ள வூடு வந்து சேந்துடுவாங்க. எங்கப்பா காலத்துலயும் அதான்."

பொய் சொல்கிறாரா? பட்டியலுக்காகக் கழுவித் துடைத்ததில் கூரை விதியையும் துடைத்துவிட்டாரா? செருப்பையே மாற்றியவருக்கு விதியை மறைப்பது எந்த மூலைக்கு?

"நாளைக்கு யார் தூக்குறாங்க?"

"நவீன்குமாருன்னு ஒரு பையன். வழிவழியா தூக்குன குடும்பத்து ஆளே தூக்குனாதான் பட்டியல்ல மதிப்புன்னு சொன்னாங்க. ஒத்துக்கவே மாட்டேன்னான். அவங்க வூடு பொறம்போக்குல இருக்குது. பட்டா வாங்கித் தர்றேன்னு நான்தான் பேசி முடிச்சேன்."

*

அந்த வீடு ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பாதையில் தனியாக நின்றது. சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. வாசலில் ஒரு பெண் கம்பெனிச் சேலையோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அமிர்தவள்ளி. ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கிற பிரிவில் வேலை. சின்னசாமியின் மனைவி.

உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல ஷர்மிளாவின் நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது. காப்பகத்துக்கு வருகிறவர் சம்மதிக்காமல் வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. வீட்டிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்தவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். கேள்வியை மட்டும் கேட்டாள்.

"கூரைக்குள்ள வரக் கூடாதுன்னா? அதெல்லாம் எந்த எழவும் கெடையாது," என்றாள் அமிர்தவள்ளி. "வருசா வருசம் அடி வாங்கிக்கினு வருவாரு. கொல்லையில நிக்கவெச்சி நான்தான் தலைக்குத் தண்ணி ஊத்துவேன். மொதுகுல மஞ்சப் பத்துப் போடுவேன். கறிக்கொழம்பு வெப்பேன். சிரிச்சிக்கினு சாப்புடுவாரு. 'இந்த வருசம் ஊரு பொம்பளைங்க கையில பலம் கம்மி'ன்னுவாரு."

"அப்புறம்?"

"கடைசி வருசம் வரல."

வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். கண்ணைத் துடைத்தது வெங்காயத்துக்கா என்று தெரியவில்லை.

"ஆத்துல தேடுனோம். தண்ணியே இல்லாத ஆத்துல இன்னாத்தத் தேடுறது? மணல்தான் இருந்துச்சு. நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். போலீசு வந்து விசாரிச்சுது. அத்தோட கூடையும் நின்னுச்சு. ஊரு என்னத்தான் கரிச்சிக் கொட்டுச்சு, உம் புருசனால திருவிழாவே போச்சுன்னு."

"இப்போ உங்க மகன் தூக்குறாரே…"

"வேணான்னுதான் சொன்னேன். பூ சுத்துன தொடப்பமாம்! எங்க மாமனார் மொதுகுல இருந்த தழும்பு மேல பூவச் சுத்துவாங்களா? அடிச்சாங்க, நாங்க வாங்குனோம். அத்த அப்படியே எழுதி வெக்கட்டும். இல்ல, மண்ணப் போட்டு மூடட்டும். அழகு பண்றேன்னு மட்டும் யாரும் வர வேணாம்."

அப்போதுதான் ஒரு பைக் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு வாலிபன் இறங்கினான். பி.காம் படித்துவிட்டுக் கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவுக்கு மேற்பார்வை. நவீன்குமார்.

"பட்டா வரட்டும்மா, சும்மா இரு," என்றான் தாயிடம். பிறகு ஷர்மிளாவின் பார்வையைத் தவிர்த்துக்கொண்டு, "எனக்கும் ஒரு தடவை தூக்கிப் பாக்கணும் மேடம்," என்றான்.

"எதுக்கு?"

அவன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

திரும்பும் வழியில் ரிஹான் கேட்டான். "அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. ரூலே இல்லன்னா தாத்தா எதுக்கு மழையில நிக்கிறாரு?"

"எனக்கும் புரியலடா."

"பொண்டாட்டி மேல கோவமா?"

"கறிக்குழம்பு வெச்சுக் கொடுத்தவ மேலயா?"

"பைத்தியமா?"

"தட்டைக் கழுவி வைக்கிற பைத்தியமா?"

ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. விதி உண்டோ இல்லையோ, அவர் அதை நம்புகிறார். நாளை கூடை ஆற்றைத் தாண்டுவதை அவர் கண்ணாலேயே காட்டிவிட்டால் போதும். ஸ்பாஞ்ச் செருப்போ, சாமந்தித் துடைப்பமோ, கூடை கூடைதானே? அதன் பிறகு நேரே ஆஸ்பத்திரி. கூரைக்குள்.

வேப்பமரத்தடியில் அவரிடம் சொன்னாள். அவர் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள்.

"யாரு தூக்குறா?"

"உங்க மகன்."

சின்னசாமி எழுந்து உட்கார்ந்தார். அழுகிய காலோடு எழுந்து நிற்கவே பார்த்தார்.

"எப்போ? நாளைக்கா? என்னைக் கூட்டிக்கினு போ. நேரத்தோட கூட்டிக்கினு போ."

"ஆமா பெரியவரே, கூடை தாண்டுறதைப் பாக்கலாம்."

"தாண்டக் கூடாது."

"என்னது?"

"அவன் தலையில கூடை ஏறக் கூடாதும்மா."

"அப்ப நீங்க கூரைக்குள்ள வர்றது எப்படி?"

"நான் வர்றனா, வரலயான்றது இப்போ யாருக்கு வேணும்?"

ஷர்மிளாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று.

*

மறுநாள் அவர்கள் நேரத்தோடு கிளம்பியும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஒரு டேங்கர் குடைசாய்ந்து சாலை அடைத்துக் கிடந்தது. லாரியின் திறந்த முதுகில் சின்னசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார். உடம்பு கொதித்தது. "இன்னும் போவலயா, இன்னும் போவலயா," என்று கேபினின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தியபோது கூடை இறங்கிவிட்டிருந்தது.

பாலாற்று மணல் முழுக்க ஜனம். கேமராக்கள் பின்னோக்கி ஓட, மூங்கில் கூடையைத் தலையில் சுமந்தபடி நவீன்குமார் அரை ஓட்டமாக வந்துகொண்டிருந்தான். பெரிய கூடை. அதன் விளிம்பு அவன் புருவத்துக்குக் கீழே வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாக ஸ்பாஞ்ச் செருப்புகள் பறந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டே வீசினார்கள். கோவிந்தசாமி மைக்கில், "மெதுவா, மெதுவா! கேமராவுக்கு வழி விடுங்க! கைலாசம், வேட்டியக் கீழ எறக்கு!" என்றார்.

பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஷர்மிளாவின் உதடுகூட ஒரு கணம் சிரிப்புக்குத் தயாராயிற்று.

ஸ்பாஞ்ச் செருப்புகள் தீர்ந்துபோயின.

கூட்டம் நிற்கவில்லை. ஒரு நடுவயதுப் பெண்ணின் வெறும் கை ஓங்கியது. கையில் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவள் குனிந்தாள். தன் காலில் இருந்ததைக் கழற்றினாள். வீசினாள். சொத்தென்று அவன் முதுகில் விழுந்தது. இன்னொருவர் குனிந்தார். பிறகு இன்னொருவர். சிரிப்புச் சத்தம் மாறியது. அது என்ன சத்தம் என்று ஷர்மிளாவுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. "போ! போ! எடுத்துக்கினு போ!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கிழவர் கத்தினார். கேமராப் பெண் கேமராவை இறக்கிவிட்டாள். நிஜமாக நடந்தது எப்படியோ அது இப்போது அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அவள் அதைப் படம் பிடிக்கவில்லை.

"நிறுத்துங்க! ஸ்பாஞ்ச் மட்டும்! ஸ்பாஞ்ச் மட்டும்!" கோவிந்தசாமியின் குரல் மைக்கில் கீச்சிட்டது.

ஷர்மிளா திரும்பிப் பார்த்தாள். லாரியில் சின்னசாமி இல்லை.

மணலில் போய்க்கொண்டிருந்தார். ஒற்றைக் காலில் துள்ளி, விழுந்து, கையை ஊன்றி எழுந்து, மறுபடி விழுந்து. கட்டு அவிழ்ந்து மணலில் நீளமாக இழுபட்டது. அவர் மீதும் இரண்டு செருப்புகள் விழுந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கூடையை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

கூடை கவிழ்ந்தது. துடைப்பமும் முறமும் மணலில் சிதறின. ஆற்றின் பாதிகூடத் தாண்டவில்லை.

"எவன்டா அவன்!" என்றார் அந்தக் கிழவர். பிறகு உற்றுப் பார்த்தார். அவர் கை தானாக இறங்கியது.

கூடை போனதும் வெளிச்சத்துக்குக் கண் கூசி நின்ற நவீன்குமார், எதிரே மணலில் முட்டி போட்டிருந்த மனிதரைப் பார்த்தான். தாடி, சடை, சீழ். அவனுக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"நைனா…"

"போதும்டா," என்றார் சின்னசாமி. "வூட்டுக்குப் போ."

அப்படியே சாய்ந்துவிட்டார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அமிர்தவள்ளி ஓடிவந்தாள். அலறவில்லை. கணவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இத்தினி நாளா எங்கய்யா போன? எந்த ஊரு மண்ணத் தின்ன?" என்று அடிக்குரலில் கேட்டுக்கொண்டே முந்தானையால் அவர் முகத்தில் இருந்த மணலைத் துடைத்தாள். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் வெறுங்காலோடு நின்றார்கள். கழற்றி வீசியதைப் போய் எடுக்க ஒருவரும் நகரவில்லை.

நவீன்குமார் தகப்பனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு லாரியை நோக்கி ஓடினான்.

*

பின்னால் அமிர்தவள்ளி கணவனோடு உட்கார்ந்துகொண்டாள். முன்னால் ரிஹானுக்கும் ஷர்மிளாவுக்கும் நடுவில் நவீன்குமார் நெருக்கி உட்கார்ந்திருந்தான். முதுகில் சட்டை கிழிந்திருந்தது.

"உங்கப்பா எதுக்கு வீட்டுக்கு வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஷர்மிளா.

"தெரியாது மேடம்."

பதில் ரொம்ப வேகமாக வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, கேட்காமலே பேசினான்.

"கூடைக்குக் கீழ இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியல மேடம். விளிம்பு கண்ண மறைச்சிடுது. மணலு தெரியுது, நம்ம காலு தெரியுது. அவ்ளோதான். யாரு அடிக்கிறாங்க, யாரு வீசுறாங்க, எதுவுமே தெரியல."

"அதனால?"

"இல்ல… சும்மா. அத்தத் தெரிஞ்சிக்கணும்னுதான் தூக்குனேன்."

சொல்லிவிட்டு, பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்தவன்போல மூச்சு விட்டான். பட்டாவுக்காகத் தூக்குகிறான் என்று கோவிந்தசாமி சொன்னார். இவன் என்னவோ கூடைக்குக் கீழே கண் தெரியுமா என்று பார்க்கத் தூக்கினேன் என்கிறான். ஷர்மிளா ரிஹானைப் பார்த்தாள். ரிஹான், எனக்கு மட்டும் என்ன தெரியும் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினான்.

ஆஸ்பத்திரிப் போர்ட்டிகோவுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. ஸ்ட்ரெச்சர் வந்தது. ஊழியர் ஒருவர் சீட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

"கூட யாரு? சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். நீங்க இன்னா வேணும் இவருக்கு?"

"மகன்!" என்றான் நவீன்குமார்.

"கத்தாதப்பா. காது கேக்குது."

"மகன் சார். ஒரே மகன்," என்றான் மறுபடியும் அதே சத்தத்தில். போர்ட்டிகோவில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தாயையும் கூட்டிக்கொண்டு அட்மிஷன் சீட்டுக்காக உள்ளே ஓடினான்.

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் ஷர்மிளா நின்றாள். இரண்டடி தள்ளினால் கூரை. தள்ளச் சொல்லவும் பயமாக இருந்தது. இந்த மனிதர் மறுபடி எதையாவது கட்டிப் பிடித்துக்கொண்டால்?

"பெரியவரே," என்றாள் குனிந்து. "கூடை ஆத்தைத் தாண்டலை. உங்க கணக்குப்படி நீங்க இன்னும் உள்ள வரக் கூடாது. வருவீங்களா, மாட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சின்னசாமி கண்ணைத் திறந்தார்.

"அந்தக் கணக்கு நான் போட்டதும்மா. சாமியும் போடல, ஊரும் போடல."

"ஏன்?"

"எந்தக் கூரைக்குள்ள போனாலும் மொதல்ல இன்னா கேப்பாங்க? வூடு எங்க, யாரு இருக்காங்கன்னு கேப்பாங்க. நீயும் கேட்ட. சொன்னா கொண்டாந்து வுட்டுடுவீங்க. சொல்லாம இருக்கத்தான் கூரையே வேணான்னேன்."

"வீட்டுக்குப் போனா என்ன? உங்க சம்சாரம் காத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க?"

அவர் கழுத்தைத் திருப்பி, மகன் பக்கத்தில் எங்காவது இருக்கிறானா என்று பார்த்தார். இல்லை என்று நிச்சயமான பிறகுதான் பேசினார்.

"அவன் எதிர்ல நிக்க முடியாதும்மா. எனக்குத் தெரியும்னு எம் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். தெரிஞ்சா அந்தப் புள்ள தாங்க மாட்டான். இப்பவும் நீ சொல்லக் கூடாது."

"எது தெரியும்?"

"அப்போ அவன் ஸ்கூலு படிக்கிறான். சிநேகிதப் பசங்களோட கரையில நின்னுக்கினு இருந்தான். அடி வாங்குறது உங்க நைனாவான்னு எவனோ கேட்டிருப்பான். சின்னப் பையன், இன்னா பண்ணுவான்? இல்லன்னு காட்டணுமே."

கேபினில் அவன் விட்ட மூச்சுக்கு ஷர்மிளாவுக்கு இப்போது அர்த்தம் தெரிந்தது. உடனே ஓர் ஆறுதலும் தேடினாள்.

"நீங்க தப்பா நினைச்சிருக்கலாம் பெரியவரே. கூடைக்குக் கீழ இருந்தா யார் வீசுறாங்கன்னு தெரியவே தெரியாதுன்னு உங்க மகனே சொன்னார்."

"நெசந்தான். மூஞ்சி தெரியாது."

உள்ளேயிருந்து நவீன்குமார் சீட்டை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. சின்னசாமி குரலைத் தாழ்த்தினார்.

"மேல பட்டுக் கீழ விழுறது தெரியும்மா. மணல்ல விழுந்ததெல்லாம் ரப்பரு. ஒண்ணு மட்டும் தோலு. அவங்கம்மா கம்பெனியில மிஞ்சின துண்ட வெச்சி, அவன் காலுக்குன்னு நான் தச்சுக் குடுத்தது."